முதலில் கோடிக்கால்வாய்: வேலூர் ஊராட்சி ஒன்றின் காலநிலை முடிவு

அஜெண்டாவில் அது கடைசிக்கு முந்தைய பொருள். கொசு ஒழிப்பு, பிளாஸ்டிக் தடை, வீட்டுவரி நிலுவை எல்லாம் வாசித்து முடித்த பிறகு, ‘காலநிலை மாற்றத்தை எதிர்கொள்வது குறித்து விவாதித்தல்’ என்று ஊராட்சி செயலர் படித்தார். 2024 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி கிராம சபை. பந்தலில் பாதி நாற்காலிகள் அதற்குள் காலி. முன்வரிசையில் இருந்த ஒரு மூதாட்டி பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்: “மழைக்கு யாகம் செய்யப் போகிறார்களா?”

சிரிப்பு அடங்கியதும் ஊராட்சித் தலைவி சொன்னார்: “யாகம் இல்லை, ஆயா. ஏரி வேலையைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.” எழுந்து போனவர்களில் சிலர் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

இந்த ஆய்வில் வரும் ஊராட்சிக்கு நான் பெயர் வைக்கவில்லை. வேலூருக்குத் தெற்கே, ஜவ்வாது மலை அடிவாரத்துக்கும் பாலாற்றுக்கும் நடுவில் போய்வந்த இரண்டு மூன்று ஊர்களை ஒன்றாக்கி எழுதியது இது. ஆட்களும் அப்படிச் சேர்த்துச் செய்யப்பட்டவர்களே. உள்ளாட்சிப் பிரதிநிதிகளோடு உட்கார்ந்து பேசுவதற்காக முதலில் குறிப்பாக எழுதிவைத்தேன். சட்டம், நிதி விதி, புயல், ஆண்டுகள் ஆகியவை உள்ளது உள்ளபடி.

ஊரும் ஏரியும்

வேலூரைப் பற்றி வேலூர்க்காரர்களே சொல்லிச் சிரிக்கும் பட்டியல் ஒன்று உண்டு: மன்னனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில், தண்ணீரில்லாத ஆறு, மரமில்லாத மலை. (இன்னும் ஒன்று உண்டு. அதை இங்கே எழுதினால் எனக்கு வீட்டில் சோறு கிடைக்காது.) 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பி வந்ததோடு பட்டியலில் ஒன்று கழிந்தது. மன்னன் இனி வரப்போவதில்லை. மிஞ்சி நிற்பவை ஆறும் மலையும்தான். கர்நாடகத்தில் பிறந்து 348 கிலோமீட்டர் வரும் பாலாறு, அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில் ஓடுகிறது. ஓடுகிறது என்பது மரியாதைக்குச் சொல்வது.

இத்தனைக்கும் இது மழை மறைவுப் பிரதேசம் கிடையாது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமும் பங்கு கொடுக்க, ஆண்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் மில்லிமீட்டர் பெய்யும் மாவட்டம். சிக்கல் அளவில் இல்லை, பெய்கிற விதத்தில் இருக்கிறது. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். தாங்கியதைக் கொட்டும்போது மொத்தமாகக் கொட்டும். 1901 முதல் 2018 வரையில் இந்தியாவின் சராசரி வெப்பநிலை சுமார் 0.7 டிகிரி உயர்ந்திருக்கிறது. கேட்பதற்குச் சின்ன எண். பத்து நாள் சாரலாக வரவேண்டியது இரண்டு நாள் கொட்டலாக வரும்போதுதான் அந்த எண்ணின் கனம் தெரிகிறது.

ஊரில் ஓர் ஏரி. அதன் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்குக் குறைவு என்பதால் நீர்வளத் துறையின் கையில் இல்லை. ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கிறது. மலையடிவாரத்து ஓடையிலிருந்து வரத்துக்கால்வாய் கிளம்பி, சில நிலங்களைக் கடந்து ஏரிக்கு வந்து சேர்கிறது. ஏரி நிரம்பினால் தண்ணீர் கோடியில், அதாவது உபரிநீர் வெளியேறும் கலங்கலில், வழிந்து, காலனியை ஒட்டிப் போகும் கோடிக்கால்வாயில் இறங்கி அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். ‘ஏரி கோடி போகிறது’ என்ற செய்தி வந்தால் ஊரே வேடிக்கை பார்க்கப் போகும். பூ தூவி, கற்பூரம் ஏற்றுவார்கள். காலனிக்காரர்கள் அந்த நேரத்தில் ரேஷன் அரிசியைப் பரணுக்கு ஏற்றிக்கொண்டிருப்பார்கள்.

முன்பெல்லாம் கால்வாய்களை ஆண்டுக்கொரு முறை ஊரே கூடி வெட்டியது. 1970களில் பம்புசெட்டும் புதிய நெல் ரகங்களும் வந்தன. கேம்பிரிட்ஜிலிருந்தும் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்தும் ஆய்வாளர்கள் வந்து வட ஆற்காட்டுக் கிராமங்களில் இந்த மாற்றத்தைப் படித்துக்கொண்டிருந்த காலம் அது. சொந்தக் கிணறு வைத்தவனுக்கு ஏரி அவசரமாகத் தேவைப்படவில்லை. மதகைத் திறந்து மூடிய நீர்க்கட்டிக்குக் களத்துமேட்டில் அளந்துகொடுத்த நெல் முதலில் குறைந்தது, பிறகு நின்றது. ஏரி தந்த ஊறல்தான் அந்தக் கிணறுகளுக்கே தண்ணீர் என்பது கிணறு வற்றிய பிறகுதான் பேச்சில் வந்தது.

ஒரே ஏரியின் இரண்டு புகார்கள்

இந்தத் தலைவியும் உறுப்பினர்களும் 2021 அக்டோபர் தேர்தலில் வந்தவர்கள். 2019இல் வேலூர் மூன்றாகப் பிரிந்ததால், தமிழ்நாட்டின் மற்ற பெரும்பாலான மாவட்டங்களுக்கு உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது இங்கே நடக்கவில்லை. மறுவரையறை முடிந்து ஒன்பது மாவட்டங்களுக்கும் சேர்த்து 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில்தான் வாக்குப்பதிவு. பதவியேற்று ஒரு மாதம் போயிருக்கும். நவம்பரில் பாலாறு கரைகொள்ளாமல் வந்தது. பேரணாம்பட்டில் வீட்டுச் சுவர் இடிந்து ஒன்பது பேர் இறந்ததும் அதே மழையில்தான். நம் ஊரில் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் கோடிக்கால்வாய் தூர்ந்து, சீமைக் கருவேலம் அடைத்துக் கிடந்ததால், ஏரித் தண்ணீர் வழி கிடைக்காமல் காலனிக்குள் திரும்பி அடுப்படி வரை போனது. நான்கு நாள் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். புதுத் தலைவியின் முதல் கையெழுத்துகளில் ஒன்று, அவர்களுக்குச் சோறு போட்ட செலவுக்கான பற்றுச்சீட்டு.

இரண்டரை ஆண்டு கழித்து, 2024 மே மாதத் தொடக்கத்தில், வேலூரில் வெயில் 110 டிகிரியைத் தாண்டியது. (இந்த மாவட்டத்தில் காய்ச்சலையும் வெயிலையும் இன்றும் ஃபாரன்ஹீட்டில்தான் பேசுகிறோம்; 43 டிகிரி என்றால் யாருக்கும் உறைக்காது.) ஏரி பாளம் பாளமாக வெடித்திருந்தது. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய இலவம்பாடி முள்ளுக்கத்தரி போடும் ஒரு விவசாயி என்னிடம் சொன்னார்: “செடி உயிரோடு இருக்கிறது, சார். பூதான் நிற்கவில்லை.” நாடாளுமன்றத் தேர்தல் நடத்தை விதி நடப்பில் இருந்ததால் அந்த மே தினத்தில் கிராம சபை கூடவில்லை. ஊரே கொதித்த மாதத்தில் ஊர் கூடிப் பேச விதி இடம்கொடுக்கவில்லை.

ஆகவே அக்டோபர் கூட்டத்துக்கு இரண்டு புகார்கள் வந்து சேர்ந்தன. ஒன்று, தண்ணீர் வந்து கெடுத்தது. இரண்டு, தண்ணீர் வராமல் கெடுத்தது. இரண்டையும் இரண்டு தனிப் பிரச்சினையாகத்தான் செயலர் எழுதிவைத்திருந்தார். ஏரிக்கு உள்ளே வரும் வழியும் வெளியே போகும் வழியும் ஒருசேர அடைபட்டதன் இரண்டு முகங்கள் அவை என்று கூட்டத்துக்கு முன்னால் யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை, எனக்கும் அப்போது தோன்றவில்லை.

கையில் என்ன இருந்தது

அரசியல் சாசனத்தின் 73ஆவது திருத்தம் ஊராட்சிகளுக்கென்று 29 துறைகளைப் பட்டியலிடுகிறது. அதில் காலநிலை என்ற சொல் கிடையாது. சிறுபாசனம், நீர் மேலாண்மை, குடிநீர், சமூகக் காடு, மரபுசாரா எரிசக்தி உண்டு. 2022 டிசம்பரில் தொடங்கிய தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம் மாவட்டத்தோடு நிற்கிறது: ஆட்சியர் இயக்குநர், மாவட்ட வன அலுவலர் காலநிலை அலுவலர். அந்த ஏற்பாடு இந்த ஊராட்சி அலுவலகத்தின் வாசலுக்கு வந்தபோது ‘எத்தனை மரக்கன்று நட்டீர்கள்’ என்ற ஒற்றைக் கேள்வியாகச் சுருங்கியிருந்தது.

பணம் அப்போது இரண்டு பையில் வந்தது. 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் கட்டுண்ட நிதி: பாதி சுகாதாரத்துக்கு, பாதி குடிநீருக்கும் மழைநீர் சேகரிப்புக்கும். மீதி 40 சதவீதத்தை ஊரின் தேவைக்கேற்பச் செலவிட முடிந்தது. இதன்மேல்தான் எல்லார் கண்ணும். இரண்டாவது பை, நூறு நாள் வேலைத் திட்டம். இந்தப் பக்கம் அதற்குப் பெயரே ஏரி வேலை. கையில் எந்த வேலை கொடுத்தாலும், சாலையோரம் குழி வெட்டினாலும், பெண்கள் ‘ஏரி வேலைக்குப் போகிறேன்’ என்றுதான் சொல்வார்கள். 2024–25இல் தினக்கூலி 319 ரூபாய். அது உச்ச அளவு; வெட்டிய மண்ணை அளந்துதான் கணக்கு. வெயிலில் கை தளர்ந்தால் கூலியும் தளரும்.

இவ்வளவு சின்னக் கையிருப்பை வைத்துக்கொண்டு காலநிலையை எதிர்கொள்வது என்றால், புதிதாக எதையாவது வாங்குவதற்கு வழியில்லை. ஏற்கெனவே செய்யவேண்டிய வேலைகளில் எதை முன்னால் வைப்பது, எதைப் பின்னால் தள்ளுவது என்று தீர்மானிக்கலாம். அந்த வரிசைதான் அன்றைய கூட்டத்தின் உண்மையான அஜெண்டா. வரிசை தப்பினால் நல்ல வேலையும் கெடுதல் செய்யும் என்பதைக் கூட்டத்தின் நடுவே ஒரு பெண் சொல்லிக் காட்டினார். அதற்கு வருகிறேன்.

விளக்கு, கன்று, கிணறு

துணைத் தலைவர் சூரிய ஒளித் தெருவிளக்குகளைக் கேட்டார். கேட்டதில் தவறில்லை. மின்கட்டணம் குறையும், கார்பனும் குறையும், கம்பத்தில் பெயர் எழுதலாம். மூன்றாவதுதான் முதல் காரணம் என்று பின்வரிசையில் இருந்த இளைஞர்கள் சத்தமாகவே சொன்னார்கள்.

அடுத்து மரக்கன்று. 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் இலக்கு, மாநிலத்தின் பசுமைப் பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக்குவது. மரமில்லாத மலை என்று பெயர் வாங்கிய மாவட்டத்தில் அதை யார் மறுப்பார்கள்? ஆனால் இரண்டு ஆண்டுக்கு முன் ஏரிக்கரையில் நட்டவை என்ன ஆயின என்று ஒருவர் கேட்டார். ஆடு தின்றது, வெயில் தின்றது, கூண்டு மட்டும் இருக்கிறது என்றார் செயலர். நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாததால் பதவி உயர்வு தாமதமாகிறவர்.

மூன்றாவது யோசனை நாகநதியைப் பார்த்துவிட்டு வந்தவர்களுடையது. கணியம்பாடிப் பக்கம், வறண்டு கிடந்த நாகநதிப் படுகையில், மழைநீரை நிலத்தடிக்கு இறக்கும் செறிவூட்டும் கிணறுகளை வெட்டி, நதிக்கு உயிர் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் நூறு நாள் வேலைப் பெண்கள். 2021இல் பிரதமரின் வானொலி உரையில் அந்த நதியின் பெயர் வந்தது முதல் சுற்றுவட்டார ஊராட்சிகளுக்கெல்லாம் அது ஒரு யாத்திரைத் தலம். நம் ஏரியிலும் அதே மாதிரிக் கிணறு வெட்டலாம் என்றார்கள். ஒன்றியத்திலிருந்து வந்திருந்த ஓவர்சியர் ஒரு சின்ன விஷயத்தைச் சொன்னார். ஆற்றுப்படுகை மணல், தண்ணீரை வடிகட்டிக் கீழே விடும். ஏரி அடியில் கிடப்பது வண்டல். முதல் மழையிலேயே கிணற்றின் கல் இடுக்கை அடைத்துவிடும். வெட்டுவதானால் வரத்துக்கால்வாயின் மேல்தலைப்பில், மணற்பாங்கான ஓடையில் வெட்டவேண்டும். நகலெடுக்கும்போது மண்ணையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்று யாராவது ஒருவர் சொல்ல இருந்தது அந்த ஊரின் அதிர்ஷ்டம்.

ஏரியைத் தூர் வாரலாம் என்பதற்கு மட்டும் எதிர்ப்பே இல்லை. வட்டாட்சியர் அனுமதியோடு விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வண்டல் மண்ணை இலவசமாக எடுக்கலாம் என்று 2024இல் நடைமுறையை எளிதாக்கிவிட்டார்கள். ஊராட்சிக்குச் செலவில்லை. எல்லாரும் கைதட்டத் தயாரானபோது, நான் முன்பு குறிப்பிட்ட நீர்க்கட்டி வம்சத்துப் பெரியவர் எழுந்தார். வயது எண்பதுக்கு மேல்.

“பானையைப் பெரிதாக்கி என்ன செய்யப் போகிறீர்கள்? ஊற்றுகிற கை அடைபட்டுக் கிடக்கிறதே” என்றார். வரத்துக்கால்வாய் ஒரு காலத்தில் எத்தனை பாகம் அகலம் என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். இப்போது எவ்வளவு என்று கேட்டதற்கு, ஒரு கையை மடக்கிக்கொண்டார். அந்த அகலத்தை யார் மடக்கியது என்று பெரியவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. கால்வாயின் நடுப்பகுதியில் இரண்டு வரிசைத் தென்னை நிற்கிறது. அதன் சொந்தக்காரர் தலைவியின் பெரிய மாமனார்.

தலைவி மேஜையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து குடித்தார். பிறகு, “சரி, வரத்துக்கால்வாயை எடுத்துக்கொள்வோம்” என்றார். அது அவருக்கு எளிதாக வந்த வார்த்தை இல்லை என்பது பந்தலில் இருந்த எல்லாருக்கும் தெரிந்தது.

ஆறாவது வார்டு

விவாதம் அங்கேயே முடிந்திருக்கும். முடிந்திருந்தால் அந்தத் தீர்மானம் காலனிக்குக் கேடாக முடிந்திருக்கும்.

ஆறாவது வார்டு காலனியுடையது. அதன் உறுப்பினர், ஏரி வேலைக்குப் போகிற பெண். மூன்று ஆண்டுகளில் மன்றக் கூட்டங்களில் அவர் பேசியதாகத் தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரிகூடக் கிடையாது; கையெழுத்து மட்டும் இருக்கிறது. அன்று எழுந்தார்.

“தலைவரம்மா, வருகிற வழியை அகலமாக்கினால் ஏரி சீக்கிரம் நிரம்பும். சந்தோஷம். நிரம்பியது எந்த வழியாகப் போகும்? போன முறை எங்கள் வீட்டு வழியாகத்தான் போனது. முதலில் போகிற வழியை வெட்டுங்கள். வருகிற வழியைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.”

நீரியல் படித்த ஒருவர் பத்துப் பக்கத்தில் எழுதக்கூடியதை அவர் நான்கு வரியில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கிணற்றுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அவர்களுக்கு வரத்துக்கால்வாய்தான் வேண்டும், அதுவும் இந்த வடகிழக்குப் பருவத்துக்குள். கோடிக்கால்வாயை வெட்டுவதால் அவர்கள் கிணற்றில் ஒரு குடம்கூட ஏறாது. ஒருவர் வெளிப்படையாகவே, “நாலு தெருவுக்காக ஊர் முழுக்கக் காத்திருக்க வேண்டுமா?” என்று கேட்டார். அந்தக் ‘காலனிக்கு’, ‘ஊருக்கு’ என்ற பிரிவினை எவ்வளவு பழையது என்பதை விளக்கத் தேவையில்லை. கால்வாயின் மேட்டில் ஊரும் பள்ளத்தில் காலனியும் இருப்பது தற்செயல் கிடையாது. வெள்ளம் சாதி பார்ப்பதில்லை என்கிறார்கள். மனைக்கட்டுக் கொடுத்தவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

எது வாதத்தைத் திருப்பியது என்றால், நீதியைவிட நிதிவிதி. கோடிக்கால்வாய் வேலையை முழுவதும் ஏரி வேலை ஆட்களைக்கொண்டு, கூலிச் செலவிலேயே செய்துவிடலாம் என்று ஓவர்சியர் சொன்னார். வரத்துக்கால்வாய்க்குத் தடுப்புச் சுவரும் சிறுபாலமும் தேவை. பொருள் செலவு உண்டு, நில அளவையும் வேண்டும், சர்வேயர் வந்து கல் நடாமல் மதிப்பீடே போடமுடியாது. ஆகவே சர்வேயருக்குக் காத்திருக்கும் நேரத்தில் கோடிக்கால்வாயை முடித்துவிடலாம். இந்தக் காரணம் எல்லாருக்கும் கௌரவமாக இருந்தது. யாரும் யாருக்கும் விட்டுக்கொடுத்ததாக ஆகவில்லை.

இங்கே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆறாவது வார்டு உறுப்பினரின் காரணம்தான் சரியான காரணம். தீர்மானத்தில் அது பதிவாகியிருக்க வேண்டும். பதிவானது ஓவர்சியரின் காரணம். அடுத்து வரும் மன்றம் புத்தகத்தைப் புரட்டினால், ‘போகும் வழி முதலில்’ என்பதை ஒரு வசதிக்கான ஏற்பாடாக மட்டும்தான் படிக்கும்.

குழாய் திறக்கும் நேரம்

அதே கூட்டத்தில் செலவே இல்லாத ஒரு முடிவும் எடுக்கப்பட்டது. பலர் அதைக் காலநிலையோடு சேர்க்கவே மாட்டார்கள். என் கணக்கில் அன்றைய முடிவுகளில் கூர்மையானது அதுதான்.

வெயில் காலத்தில் ஏரி வேலையைக் காலை ஆறு மணிக்கே தொடங்கிவிடலாமே என்று பணித்தளப் பொறுப்பாளர் கேட்டார். 2023 ஜனவரி முதல் எல்லாப் பணித்தளத்திலும் செல்போன் செயலியில்தான் வருகைப் பதிவு: வந்ததும் ஒரு படம், நான்கு மணி நேரம் கழித்து இன்னொரு படம். ஒன்பது மணிக்கு முதல் படம் எடுத்தால் இரண்டாவது படத்துக்காக ஒரு மணி வரை வெயிலில் நிற்கவேண்டும். சட்டப்படி நிழற்பந்தலும் குடிநீரும் முதலுதவிப் பெட்டியும் பணித்தளத்தில் இருக்கவேண்டும். பந்தல் என்பது பெரும்பாலும் நான்கு குச்சியும் ஒரு பழைய பேனரும். பேனரில் சிரிக்கும் தலைவருக்குக் கீழே பதினைந்து பேர் உட்காரலாம். வந்திருப்பது அறுபது பேர்.

ஆறு மணிக்கு வந்தால் பத்து மணிக்கு இரண்டாவது படம். வெயில் ஏறுவதற்குள் கனமான மண்வேலை முடிந்துவிடும். அப்படியானால் ஏன் வருவதில்லை?

“ஆறு மணிக்குத்தான் குழாயில் தண்ணீர் விடுகிறார்கள்” என்றார்கள் பெண்கள், ஏறக்குறைய ஒரே குரலில். தண்ணீர் பிடித்து, உலை வைத்து, பிள்ளைகளைக் கிளப்பினால்தான் கிளம்பலாம். வெயிலின் நேரத்தை முடிவு செய்துகொண்டிருந்தது சூரியன் இல்லை. மேல்நிலைத் தொட்டியின் வால்வைத் திறக்கும் ஆள்.

டேங்க் ஆபரேட்டரைக் கூப்பிட்டார்கள். மாலை நான்கரைக்குத் தண்ணீர் விடமுடியுமா? முடியாது என்றார். மோட்டார் கோளாறு, மின்சாரம், தொட்டி நிரம்பும் நேரம் என்று பல காரணங்கள் சொன்னார். செயலர் ஒவ்வொன்றுக்கும் மாற்று சொல்லச் சொல்ல, கடைசியில் உண்மை வந்தது: அவரிடம் இரண்டு கறவை மாடுகள். மாலைப் பாலை ஐந்து மணிக்குள் சொசைட்டியில் ஊற்றவேண்டும். பந்தலே சிரித்தது. தலைவி சிரிக்கவில்லை. “உன் பையன் பன்னிரண்டாவதுதானே படிக்கிறான்? பால் ஊற்ற அவன் போகட்டும், அண்ணா” என்றார். மார்ச் முதல் ஜூன் வரை மாலை நான்கரைக்குக் குழாய் திறப்பது என்று தீர்மானம் எழுதப்பட்டது.

அந்த அக்டோபரின் கடைசியில்தான் மாநில அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலுக்கு இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். தேவையான அறிவிப்பு. ஆனால் இழப்பீடு சாவுக்குப் பிறகு வருவது. குழாய் நேரம் மாறியது அதற்கு முன்னால் செய்யக்கூடியது.

புயலும் பாக்கியும்

வேலை நவம்பர் முதல் வாரம் தொடங்கியது. கோடிக்கால்வாயின் கீழ்முனையிலிருந்து மேல்நோக்கி வெட்டி வந்தார்கள். பாதி தூரம் முடிந்திருந்தபோது, நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் 50 சென்டிமீட்டரைத் தாண்டிய மழை, திருவண்ணாமலையில் மண்சரிவு, ஊத்தங்கரை மூழ்கியது என்று அடுத்த இரண்டு நாள் செய்திகள் வந்துகொண்டே இருந்தன. நம் ஊரிலும் விடாமல் கொட்டியது. ஏரி கோடி போனது. காலனியில் தண்ணீர் தெருவுக்கு வந்தது, வாசற்படியைத் தொட்டது, நின்றது, மறுநாள் மதியத்துக்குள் வடிந்தது.

இதைத் தீர்மானத்தின் வெற்றி என்று எழுத எனக்குத் தயக்கம். 2021இல் ஏரி முன்பே தளும்பிக்கொண்டிருந்தபோது பெருமழை வந்தது. 2024இல் ஏரி பாதிதான் இருந்தது. அந்தப் பாதி முதல் நாள் மழையை வாங்கிக்கொண்டது. வெட்டிய பகுதியில் தண்ணீர் விரைந்து ஓடியதை என் கண்ணால் பார்த்தேன் என்பது உண்மை. எவ்வளவு பங்கு மண்வெட்டிக்கு, எவ்வளவு பங்கு காலி ஏரிக்கு என்று பிரிக்க அந்த ஊரில் அளவுகோல் எதுவும் இல்லை. ஏரிச் சுவரில் ஆழத்தைக் குறிக்கும் ஓர் அளவுப்பட்டை வரைய எவ்வளவு பெயின்ட் ஆகும்? அதைக் கேட்டேன். அடுத்த கூட்டத்தில் வைப்பதாகச் சொன்னார்கள்.

மீதிப் பாதி பொங்கலுக்குள் முடியவேண்டும். முடியவில்லை. ஏரி வேலைக் கூலி வருவது நின்றுபோனது. தமிழ்நாட்டுக்குச் சேரவேண்டிய கூலி நிலுவை 1,056 கோடி ரூபாயை விடுவிக்கக் கேட்டு 2025 ஜனவரியில் முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதும் நிலை. கோடிக்கணக்கு தில்லிக்கும் சென்னைக்கும் நடுவில் நடந்தது; ஊரில் நடந்தது, மளிகைக்கடைக்காரர் கடன் நோட்டை மூடிவைத்தது. வருகைப் பதிவில் அறுபது பேர் இருபது பேரானார்கள். ஆறாவது வார்டு உறுப்பினர் மட்டும் வீடு வீடாகப் போய் ஆள் கூட்டிவந்தார்: “கூலி எப்போதாவது வரும். தண்ணீர் சொல்லிக்கொண்டு வராது, வாருங்கள்.” மீதியை மார்ச்சில் முடித்தார்கள்.

வரத்துக்கால்வாய் கதை இதைவிட மெதுவானது. சர்வேயர் மூன்று தேதி கொடுத்து நான்காவது தேதியில் வந்தார். புல வரைபடத்தை விரித்து, சங்கிலி பிடித்து அளந்ததில், தென்னை இரண்டு வரிசையில் ஒரு வரிசை முழுக்கக் கால்வாயிலும் மற்றது பட்டாவிலும் விழுந்தது. பெரிய மாமனார் கோபப்படவில்லை. எல்லாருக்கும் மோர் கொடுத்தார். காய்க்கிற மரத்தை வெட்டுவது பாவம் என்றார், ஊரே சொன்னால் தானும் மறுக்கமாட்டேன் என்றார், ஊர் இன்னும் ஒருவாய்ப்படச் சொல்லவில்லை என்றும் சொன்னார். ஆக்கிரமிப்பை அகற்றும் அதிகாரம் வருவாய்த் துறையிடம். ஊராட்சி எழுதத்தான் முடியும். தலைவி எழுதினார். எழுதிய அன்று மாமனார் வீட்டில் நடந்த காதணி விழாவுக்கு அவரை அழைக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

2025 ஜூனில் மறுபடி போனேன். குழாய் நான்கரைக்குத் திறக்கிறது. சில நாள் நாலே முக்காலாகிறது. ஏரி வேலைப் பெண்கள் பத்து மணிக்கு இரண்டாவது படம் எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய்விடுகிறார்கள். அளவுப்பட்டை வரையவில்லை. தெருவிளக்குகள் வந்துவிட்டன, கம்பத்தில் பெயரோடு. இந்த மன்றத்தின் காலம் 2026 அக்டோபர் வரை.

வரத்துக்கால்வாயைத் தலைப்பிலிருந்து தென்னந்தோப்பு வரை வெட்டியிருக்கிறார்கள். அங்கே வந்து அது ஓர் ஆள் அகலத்துக்குச் சுருங்கி, மரங்களுக்கு நடுவே வளைந்து, மறுபக்கம் போய் மீண்டும் விரிகிறது. சர்வேயர் நட்ட கல் தோப்பின் ஓரத்தில் உறுதியாக நிற்கிறது. அதில் ஒரு கன்றுக்குட்டியைக் கட்டியிருந்தார்கள்.